உடைந்ததை என்ன செய்வது? ஃப்ளாரன்ஸ் தோட்டத்தில் ஒரு ஜெர்மன் சிற்பி

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் இரண்டு இடங்களை விடுவதில்லை. ஒன்று, ஆர்னோ நதிக்கரையில் இருக்கும் உஃபிஸி ஓவியக் காட்சியகம். இன்னொன்று, நதிக்கு அக்கரையில் பிட்டி அரண்மனைக்குப் பின்னால் குன்றின் மேல் ஏறிப்போகும் போபொலி தோட்டம். நகரத்தை ஆண்ட மெடிச்சி குடும்பம் 16-ம் நூற்றாண்டில் போடத் தொடங்கிய தோட்டம் அது. சைப்ரஸ் மரவீதிகள், செயற்கைக் குகைகள், நீரூற்றுகள், வழியெங்கும் பளிங்குச் சிலைகள் என்று அரை நாள் சுற்றினாலும் தீராது.

2018 கோடையில் அந்தத் தோட்டத்துக்குப் போனவர்கள் கொஞ்சம் குழம்பித்தான் போயிருப்பார்கள். கிரேக்க தேவர்களும் தேவதைகளும் நிற்கும் அதே புல்வெளிகளில், அன்றைக்குப் புதிய விருந்தாளிகள் சிலர் இருந்தார்கள். முகம் இல்லாத வெண்கல உருவங்கள். தலை என்றால் ஓர் உருண்டை. உடம்பு என்றால் ஓர் உருளை. கை கால் என்றால் கம்பிகள். சில, இப்போதோ அப்போதோ சாய்ந்துவிடும் என்பதுபோல் நின்றன.

ஃப்ரிட்ஸ் கோனிக் என்ற ஜெர்மன் சிற்பியின் படைப்புகள் அவை. முந்தைய ஆண்டு, 2017 பிப்ரவரியில், 92 வயதில் அவர் காலமாகியிருந்தார். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தவற்றைத் திரட்டி ஒரே இடத்தில் காட்டும் ‘ரெட்ராஸ்பெக்டிவ்’ கண்காட்சியை உஃபிஸி நடத்தியது. பெரிய சிற்பங்கள் போபொலி தோட்டத்தில். மற்றவை உஃபிஸி கட்டடத்துக்குள் மல்யாபெக்கி அரங்கில். அப்போது உஃபிஸியின் இயக்குநராக இருந்த ஐகே ஷ்மிட்டும் ஜெர்மனியில் பிறந்தவர்தான்.

கோனிக் என்ற பெயர் பலருக்குத் தெரியாது. ஆனால் அவர் செய்த ஒரு பொருளைத் தெரியும். நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே, நீரூற்றின் மேல் நின்றிருந்த பெரிய வெண்கல உருண்டை. 2001 செப்டம்பர் 11-ல் இரண்டு கோபுரங்களும் அதன் மேலேயே சரிந்து விழுந்தன. நசுங்கியது, கிழிந்தது, ஆனாலும் உருண்டையாகவே எஞ்சியது.

அந்த ஒரே பொருளால் அறியப்பட்ட மனிதரின் மீதி அறுபது வருட உழைப்பையும் காட்டியதுதான் ஃப்ளாரன்ஸ் கண்காட்சியின் பெருமை. அதற்கு ஃப்ளாரன்ஸைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பதும் கஷ்டம். உடைந்த பொருளை என்ன செய்வது என்ற கேள்வியோடு நெடுங்காலமாகக் குடித்தனம் நடத்திவரும் ஊர் அது.

உஃபிஸி வாசலில் ஓர் ஆலிவ் மரம்

உஃபிஸி என்றால் இத்தாலிய மொழியில் ‘அலுவலகங்கள்’. 1560-ல் மெடிச்சிகளின் அரசாங்க அலுவலகங்களுக்காகக் கட்டத் தொடங்கிய கட்டடம். இன்று போட்டிச்செல்லி, மைக்கேலேஞ்சலோ, ரஃபேல் ஓவியங்களைப் பார்க்க உலகமே வரிசையில் நிற்கிறது.

அந்தக் கட்டடத்தை ஒட்டி ஜார்ஜோஃபிலி தெரு என்று ஒரு சின்னச் சந்து இருக்கிறது. வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் அதைக் கவனிப்பதில்லை. 1993 மே 27, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், மாஃபியா கும்பல் அங்கே ஒரு வேனில் குண்டு வைத்து வெடித்தது. ஐந்து பேர் இறந்தார்கள். கணவன், மனைவி, அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள், ஒரு கல்லூரி மாணவர். அவர்கள் நினைவாக அங்கே இப்போது ஓர் ஆலிவ் மரம் நிற்கிறது.

அன்று உஃபிஸியின் சுவர்களும் கண்ணாடிகளும் நொறுங்கின. ஏராளமான ஓவியங்கள் சேதமாயின. அவற்றில் மூன்று, இனி மீட்கவே முடியாது என்று கைவிடப்பட்டன. அவற்றில் ஒன்று மன்ஃப்ரெடி என்ற ஓவியர் 17-ம் நூற்றாண்டில் வரைந்த, சீட்டு விளையாடுகிறவர்களின் படம். ஆனால் அதன் கிழிசல்களை யாரும் குப்பையில் போடவில்லை. கால் நூற்றாண்டு பத்திரமாக வைத்திருந்தார்கள். பிறகு ஒட்ட முடிந்த துண்டுகளை ஒட்டி, போனது போனதாகவே தெரியும்படி இடைவெளிகளை விட்டு, 2018-ல் மக்களுக்குக் காட்டினார்கள். கோனிக் கண்காட்சி நடந்ததும் அதே ஆண்டுதான்.

லாண்ட்ஷூட் பையன்

ஃப்ரிட்ஸ் கோனிக் 1924-ல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். ஆறு வயதில் குடும்பம் லாண்ட்ஷூட்டுக்குக் குடிபெயர்ந்தது. மியூனிக்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பழைய ஊர். ஈசர் நதி ஓடுகிறது. குன்றின் மேல் கோட்டை இருக்கிறது. நடுத்தெருவில் இருக்கும் புனித மார்ட்டின் தேவாலயத்தின் கோபுரம் 130 மீட்டர் உயரம். செங்கல்லால் கட்டிய கோபுரங்களில் உலகத்திலேயே உயரமானது அதுதான்.

அந்த ஊரில் படித்த பையனுக்குப் பதினெட்டு வயது ஆனபோது நடந்துகொண்டிருந்தது இரண்டாம் உலகப் போர். 1942-ல் ராணுவத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். ரஷ்யாவை எதிர்த்துப் போரிட்ட கிழக்கு முனைக்கு அனுப்பினார்கள். ஹிட்லரின் சீருடையில் போனவர்களில் கோடிக்கணக்கானவர்களுக்கு நேர்ந்ததுதான். உயிரோடு திரும்பிவந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

திரும்பியதும் 1946-ல் மியூனிக் நுண்கலைக் கல்லூரியில் சேர்ந்தார். நகரமே இடிந்து கிடந்த காலம். அந்தத் தலைமுறை ஜெர்மன் கலைஞர்கள் எல்லோருக்கும் முன்னால் ஒரே சிக்கல் நின்றது. நாஜி ஆட்சி கட்டுமஸ்தான வீரர்களின் சிலைகளைத்தான் கலை என்று கொண்டாடியது. போரில் மனித உடம்பு என்ன பாடுபட்டது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இனி எப்படிப்பட்ட மனித உருவத்தைச் செய்வது?

கோனிக் கண்டுபிடித்த வழி எளிமையானது. மனிதனை அவனுடைய அடிப்படை வடிவங்களுக்குக் குறைத்தார். தலைக்கு உருண்டை, உடம்புக்கு உருளை. ஆனால் அந்த எளிய வடிவங்கள் ஒன்றை ஒன்று தாங்கும், ஒன்றின் மேல் ஒன்று சாயும், நழுவும். அவற்றில் யார் அழகு, யார் வலிமை என்பதற்கு இடமே இல்லை. யார் யாரைத் தாங்குகிறார்கள் என்பதுதான் தெரியும்.

மனிதனுக்கு அடுத்து அவருக்குப் பிடித்தது குதிரை. தேரிழுக்கும் நான்கு குதிரைகள் அவர் சிற்பங்களில் திரும்பத் திரும்ப வரும். லாண்ட்ஷூட்டுக்குப் பக்கத்தில் கான்ஸ்ல்பெர்க் என்ற சிற்றூரில், வயல்களுக்கு நடுவே வீடும் பட்டறையும் கட்டிக்கொண்டு, மனைவி மரியாவோடு வாழ்ந்தார். அங்கே அரபுக் குதிரைகளையும் வளர்த்தார். ஆப்பிரிக்கக் கலைப் பொருட்களைச் சேர்ப்பது இன்னொரு பித்து. 1964 முதல் 1992 வரை மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், நாளைய கட்டடக் கலைஞர்களுக்கு வடிவம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தார். வெனிஸ், காசெல் போன்ற நகரங்களின் பெரிய கலைக் கண்காட்சிகளில் 1950-களிலேயே இடம் பிடித்துவிட்டவர். ஆனாலும் வாழ்ந்ததும் இறந்ததும் அந்தக் கிராமத்து வீட்டில்தான்.

பாலத்தைத் தாண்டினால்

உஃபிஸியிலிருந்து போபொலிக்கு நடந்து போவதுதான் நல்லது. பத்து நிமிட நடை. வழியில் நகைக்கடைகள் நிறைந்த வெக்கியோ பாலம். நூற்றாண்டுகள் பழைய பாலத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்கள், அதன் இரண்டு முனைகளிலும் இருக்கும் கட்டடங்கள் மட்டும் ஏன் இவ்வளவு புதிதாக இருக்கின்றன என்று யோசிப்பதில்லை.

1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் ராணுவம், ஆர்னோ நதியின் பாலங்களை ஒவ்வொன்றாக வெடிவைத்துத் தகர்த்தது. வெக்கியோ பாலத்தை மட்டும் விட்டுவைத்தது. ஆனால் எதிரிகள் அதன் வழியாக வரக்கூடாது என்று, அதன் இரு முனைகளிலும் இருந்த பழைய தெருக்களை இடித்துத் தள்ளியது.

வெக்கியோ பாலத்தில் நின்று மேற்கே பார்த்தால் அடுத்த பாலம் தெரியும். சாந்தா திரினிதா. வில்போல் மெல்ல வளைந்த மூன்று வளைவுகள். 16-ம் நூற்றாண்டில் அம்மானாத்தி கட்டியது. அதுவும் அன்று நதியில் விழுந்தது. போர் முடிந்ததும் அதன் இடத்தில் புதிய பாலம் கட்டுவதா, பழையதையே கட்டுவதா என்று விவாதம் நடந்தது. முன்பு எங்கே எப்படி இருந்ததோ, அங்கே அப்படியே வேண்டும் என்று ஊர் நின்றது. நதிக்குள் விழுந்த கற்களை வெளியே எடுத்தார்கள். போதாத கற்களுக்கு, பழைய பாலத்துக்குக் கல் வெட்டிய போபொலி குவாரிக்கே போனார்கள். 1958-ல் பாலம் திரும்ப நின்றது.

பாலத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு பருவங்களின் சிலைகள். வசந்தகாலப் பெண்ணின் தலை மட்டும் கிடைக்கவில்லை. கண்டுபிடித்துத் தருபவருக்குப் பரிசு கூட அறிவித்தார்கள். 1961-ல் நதியைத் தூர்வாரும்போது அந்தத் தலை கிடைத்தது. எடுத்துப் பொருத்தினார்கள். கழுத்தில் அந்த இணைப்பு இன்றும் தெரியும்.

ஜெர்மன் ராணுவம் இடித்த தெருவைத் தாண்டித்தான், முன்னாள் ஜெர்மன் ராணுவ வீரர் ஒருவரின் சிற்பங்களைப் பார்க்க 2018-ல் மக்கள் போனார்கள். கோனிக் போரிட்டது இத்தாலியில் அல்ல. ஆனாலும் அவருடைய தலைமுறையின் கதை அந்தத் தெருக்களில் எழுதியிருக்கிறது.

ஐந்நூறு வருட இடைவெளியில் இரண்டு உருண்டைகள்

போபொலியில் ஏறுவதற்கு நல்ல செருப்பு வேண்டும். பாதைகள் செங்குத்தானவை, நடு மதியத்தில் நிழலும் குறைவு. அரண்மனைக்குப் பின்னால் குதிரை லாட வடிவத்தில் ஒரு திறந்தவெளி அரங்கம் இருக்கிறது. அதன் நடுவே எகிப்திலிருந்து ரோம் வழியாக வந்து சேர்ந்த கல்தூபி. அதற்கு மேலே நெப்டியூன் குளம். இன்னும் மேலே போய்த் திரும்பிப் பார்த்தால், நகரத்தின் செந்நிற ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே புருனெலெஸ்கி கட்டிய தேவாலயத்தின் மாபெரும் குவிமாடம். அதன் உச்சியில் வெயிலில் மின்னும் ஒரு தங்க உருண்டை.

இங்கிருந்து பார்க்க எலுமிச்சம்பழம் அளவுதான். அருகே போனால், உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். செம்புத் தகடுகளை வளைத்து, இணைத்து, தங்க முலாம் பூசி வெரோக்கியோ என்ற சிற்பி செய்தார். அப்போது அவருடைய பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவர் லியோனார்டோ டாவின்சி. உருண்டையை எப்படிப் பற்றவைத்தார்கள் என்பதை வயதான பிறகும் நினைவில் வைத்து, தன் குறிப்பேட்டில் எழுதினார் லியோனார்டோ.

வெரோக்கியோவின் உருண்டை உச்சிக்கு ஏறியது 1471-ல். கோனிக்கின் உருண்டை நியூயார்க்கில் நின்றது 1971-ல். சரியாக ஐந்நூறு ஆண்டுகள்.

உருண்டைக்கும் இந்த ஊருக்கும் வேறொரு உறவும் உண்டு. மெடிச்சி குடும்பத்தின் சின்னமே ஒரு கேடயத்தில் பதித்த உருண்டைகள்தான். ஃப்ளாரன்ஸில் எந்தப் பழைய கட்டடத்தின் மூலையைப் பார்த்தாலும் அது கண்ணில் படும். மெடிச்சிகளின் ஆதரவாளர்கள் தெருவில் போட்ட கோஷம்கூட ‘உருண்டைகள்!’ என்பதுதான்.

இந்தத் தோட்டத்தில், இந்தக் குவிமாடத்தின் கண்பார்வையில், உருண்டைகளையே மொழியாகக் கொண்ட ஒரு சிற்பியின் வேலைகள் ஒரு கோடைகாலம் முழுக்க நின்றன. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த அந்த ஓர் உருண்டை மட்டும் வரவில்லை. அது நியூயார்க்கை விட்டு நகராது.

சுமைதாங்கி

1960-களின் தொடக்கத்திலிருந்தே கோனிக்கின் சிற்பங்கள் நியூயார்க் கேலரி ஒன்றில் காட்சிக்கு வந்துகொண்டிருந்தன. உலக வர்த்தக மையத்தை வடிவமைத்த மினோரு யமசாகிக்கு அவை பிடித்துப்போயின. இரண்டு 110 மாடிக் கோபுரங்கள் வரப்போகின்றன. அவற்றுக்கு நடுவே உள்ள முற்றத்தில் ஒரு நீரூற்று. அதன் மேல் வைக்க ஒரு சிற்பம் வேண்டும்.

110 மாடிகளுக்கு முன்னால் என்ன வைத்தாலும் சின்னதாகத்தான் தெரியும். உயரத்தோடு போட்டிபோடுவதில் அர்த்தமில்லை. நேர்க்கோடுகளால் ஆன இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உருண்டையான ஒன்றை வைத்தார் கோனிக். 1967-ல் தொடங்கி நான்கு வருட உழைப்பு. கான்ஸ்ல்பெர்க் பட்டறையில் பிறந்த உருண்டைக்கு 52 வெண்கலத் துண்டுகள். உயரம் சுமார் 25 அடி; எடை 20 டன்னுக்கு மேல். பளபளக்கும் முழு உருண்டையாக அதை விட்டுவிடவில்லை. அங்கங்கே வெட்டி, பிளந்து, உள்ளிருந்து வேறு வடிவங்கள் எட்டிப்பார்க்கும்படி செய்தார்.

நியூயார்க்வாசிகள் அதை ‘ஸ்ஃபியர்’ என்று சுருக்கமாக அழைத்தார்கள். அவர் வைத்த பெயர் வேறு. ‘பெரிய உருண்டைக் கார்யாடிட்’. பழைய கிரேக்கக் கோயில்களில், தூணுக்குப் பதிலாகத் தலையால் கூரையைத் தாங்கி நிற்கும் பெண் உருவத்துக்குப் பெயர் கார்யாடிட். தமிழில் சொன்னால் சுமைதாங்கி. தாங்க வேண்டிய கூரை எதுவும் இல்லாமல், திறந்த வானத்தின் கீழ் நின்ற சுமைதாங்கி.

முப்பது வருடம் அது அங்கே நின்றது. உலக வர்த்தகத்தின் மூலம் உலக அமைதி என்பது அதைச் சொந்தமாக்கியவர்கள் கொடுத்த விளக்கம். அலுவலகம் போகிறவர்களுக்கோ, மதியச் சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார ஒரு நல்ல இடம்.

2001 செப்டம்பர் 11 அன்று நடந்த தாக்குதல்களில் ஏறக்குறைய 3,000 பேர் இறந்தார்கள். முற்றத்தில் இருந்த எல்லாமே இடிபாடுகளுக்குள் புதைந்தது. மீட்புப் பணியாளர்கள் தோண்டிக்கொண்டே போனபோது உருண்டை கிடைத்தது. உச்சியில் பெரிய ஓட்டை, பக்கங்களில் கிழிசல்கள், நசுங்கல்கள். துண்டு துண்டாகக் கழற்றி, விமான நிலையத்துக்கு அருகே கொண்டுபோய் வைத்தார்கள்.

‘அழகான பிணம்’

அப்போது கோனிக்குக்கு 77 வயது. உருண்டையை மீண்டும் நிறுத்தலாம் என்ற யோசனை வந்தபோது அவர் முதலில் சம்மதிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது ஓர் ‘அழகான பிணம்’. பிணத்தை எடுத்து நிறுத்தி வைப்பதா?

அந்தத் தயக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. நான்கு வருடம் தேய்த்துத் தேய்த்துச் செய்த மேற்பரப்பு அது. எங்கே வெட்ட வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவர் முடிவெடுத்த வடிவம். அதன் மேல் இப்போது அவர் போடாத வெட்டுகள். அதை அவருடைய சிற்பம் என்று சொல்லிக் காட்டுவது சரியா? சரிசெய்து பழையபடி ஆக்கினால், அன்று நடந்ததே இல்லை என்பதுபோல் ஆகாதா? உருக்கிவிட்டுப் புதிதாகச் செய்தால், தப்பிப் பிழைத்தது எதுவும் இல்லாமல் போகாதா?

பவேரியாவைச் சேர்ந்த திரைப்பட இயக்குநர் பெர்சி அட்லான், இந்த உருண்டையின் கதையை ஆவணப்படமாக எடுத்தார். அது பலரைத் தொட்டது. கோனிக்கின் மனமும் மாறியது. அவரே நியூயார்க்குக்குப் போய் வேலையை மேற்பார்வையிட்டார். நான்கு பொறியாளர்களும் பதினைந்து இரும்புத் தொழிலாளிகளும் சேர்ந்து புதிய அடித்தளம் அமைத்தார்கள். தாக்குதல் நடந்து சரியாக ஆறு மாதம் கழித்து, 2002 மார்ச் 11 அன்று, மன்ஹாட்டனின் தென்முனையில் இருக்கும் பேட்டரி பார்க்கில் உருண்டை மீண்டும் நின்றது.

ஒரு கிழிசலைக்கூட அடைக்கவில்லை. ஒரு நசுங்கலைக்கூட நிமிர்த்தவில்லை.

தான் செய்தது ஒரு சிற்பம், இப்போது அது நினைவுச்சின்னம் ஆகிவிட்டது என்பது கோனிக் அதற்குப் பிறகு சொன்ன கருத்து. தான் கொடுத்த உயிர் போய், அதற்கென்று வேறோர் உயிர் வந்துவிட்டதாக அவர் உணர்ந்தார். பெற்றவர்கள் வளர்ந்த பிள்ளையைப் பற்றிப் பேசுவதைப்போல.

வேண்டுமென்றே செய்த நினைவுச்சின்னங்கள்

இதில் ஒரு விநோதம் உண்டு. கோனிக் நினைவுச்சின்னம் செய்யத் தெரியாதவர் அல்ல. மரணம், துக்கம், கல்லறை என்பவை அவர் சிற்பங்களில் தொடக்கம் முதலே உண்டு. அவரிடம் கேட்டுச் செய்யவைத்த நினைவுச்சின்னங்களும் இருக்கின்றன.

ஆஸ்திரியாவில் மவுத்தவுசன் என்ற இடத்தில் நாஜிகள் நடத்திய வதைமுகாம் ஒன்று இருந்தது. கைதிகள் கற்களைத் தோளில் சுமந்து, 186 படிகள் கொண்ட குவாரி வழியில் ஏற வேண்டும். ஏற முடியாதவர்கள் அங்கேயே செத்தார்கள். போருக்குப் பிறகு பல நாடுகள் அங்கே தங்கள் மக்களுக்காக நினைவுச்சின்னம் எழுப்பின. 1983-ல் மேற்கு ஜெர்மனியின் சார்பில் எழுப்பிய சின்னத்தைச் செய்தவர் கோனிக். பதினெட்டு வயதில் அந்த அரசின் சீருடையைப் போட்டவர், அறுபதை நெருங்கும் வயதில் அந்த அரசு கொன்றவர்களுக்காக வேலை செய்தார்.

மியூனிக் ஒலிம்பிக் பூங்காவில் இன்னொன்று. 1972 ஒலிம்பிக்கின்போது பாலஸ்தீன ஆயுதக்குழு ஒன்று நடத்திய தாக்குதலில் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேரும் ஒரு ஜெர்மன் போலீஸ்காரரும் இறந்தார்கள். அவர்களுக்காக 1995-ல் கோனிக் வைத்தது ஒரு கருங்கல் விட்டம். சுமார் பத்து மீட்டர் நீளம். ‘புலம்பல் விட்டம்’ என்று பெயர். விளையாட்டரங்கத்துக்கும் வீரர்கள் தங்கிய கிராமத்துக்கும் இடையிலான வழியில், இறந்தவர்களின் பெயர்களைச் சுமந்துகொண்டு கிடக்கிறது. அதில் உருவம் இல்லை, அழுகை இல்லை. வீட்டில் கூரையைத் தாங்க வேண்டிய ஒரு விட்டம், அவ்வளவுதான்.

இவ்வளவு யோசித்துச் செய்த சின்னங்களைவிட, துக்கத்துக்காகச் செய்யாத ஓர் உருண்டைதான் உலகத்தின் துக்கச் சின்னம் ஆனது.

திரும்பி வந்த உருண்டை

பேட்டரி பார்க் தற்காலிக இடம்தான் என்றார்கள். ஆனால் வருடங்கள் ஓடின. கோபுரங்கள் இருந்த இடத்தில் இரண்டு சதுரக் குளங்களோடு நினைவிடம் 2011-ல் திறந்தது. உருண்டைக்கு அங்கே இடம் கொடுக்கவில்லை. இறந்தவர்களின் குடும்பத்தினர் சிலர், பழைய இடத்துக்கே அதைக் கொண்டுவர வேண்டும் என்று தொடர்ந்து கேட்டார்கள். அன்றைய நாளைக் கண்ணால் பார்த்துவிட்டு இன்னும் நின்றுகொண்டிருக்கும் பொருளுக்கு அங்கே இடமில்லையா என்பது அவர்கள் வாதம்.

கடைசியில் நினைவிடத்துக்குத் தெற்கே, தெருமட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டிய லிபர்ட்டி பார்க்கில் இடம் கிடைத்தது. 2017 ஆகஸ்டில் அங்கே கொண்டுவந்து, செப்டம்பரில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பழைய முற்றம் அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரம். ஆனால் அந்தச் செய்தியைக் கேட்க கோனிக் இல்லை. அவர் போய் அரை வருடம் ஆகியிருந்தது.

இப்போது எங்கே பார்க்கலாம்?

ஃப்ளாரன்ஸ் கண்காட்சி 2018-லேயே முடிந்துவிட்டது. போபொலியில் இப்போது பழைய தேவர்களின் ஆட்சிதான். ஆனால் கோனிக்கின் படைப்புகளைத் தேடிப்போக வேறு இடங்கள் இருக்கின்றன.

லாண்ட்ஷூட்டில் கோட்டைக் குன்றின் அடிவாரத்தில், ஊரின் பழைய மதிற்சுவருக்குப் பின்னால், குன்றுக்குள்ளேயே குடைந்ததுபோல் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கோனிக் உயிரோடிருந்தபோதே, 1998-ல் திறந்தது. மியூனிக் போகிறவர்கள் ஒரு நாளை ஒதுக்கினால் போதும். காலையில் ஒலிம்பிக் பூங்காவின் கருங்கல் விட்டம். பிறகு ரயில் ஏறி லாண்ட்ஷூட். அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாட்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

நியூயார்க்கில் லிபர்ட்டி பார்க்குக்குக் கட்டணம் கிடையாது. நினைவிடத்தின் குளங்களைப் பார்த்துவிட்டு, தெருவைக் கடந்து படியேறினால் உருண்டை.

ஃப்ளாரன்ஸுக்கே போகிறவர்கள், தோட்டத்தில் ஏற நாளைத் தேர்ந்தெடுத்துப் போக வேண்டும். மாதத்தின் முதல் திங்களும் கடைசித் திங்களும் விடுமுறை. இறங்கி வந்து தேவாலயத்துக்குப் போனால், முன்வாசல் கூட்டத்தில் நின்றுவிடாமல் பின்பக்கம் நடந்து பாருங்கள். தரையில் பாவிய சாம்பல் நிறக் கற்களுக்கு நடுவே ஒரு வட்டமான வெள்ளைப் பளிங்குப் பலகை பதித்திருக்கிறது. அதன் மேல் ஓர் எழுத்துகூட இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதை மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

17-ம் நூற்றாண்டு பிறந்த சமயத்தில், ஒரு நாள் மின்னல் தாக்கியதில் வெரோக்கியோவின் தங்க உருண்டை குவிமாடத்தின் மேலிருந்து கழன்று, உருண்டு, கீழே விழுந்தது. 1602-ல் அதைவிடப் பெரிதாக வேறோர் உருண்டையைச் செய்து மேலே ஏற்றினார்கள். இன்று உச்சியில் மின்னுவது அதுதான். ஆனால் விழுந்த இடத்தையும் அந்த ஊர் மறக்க விடவில்லை. அந்த வெள்ளைப் பளிங்கு, உருண்டை வந்து விழுந்த இடம்.